ஓட்டையை அடைத்தது யார்: மதுரையில் மூன்று நாள்

சென்ற மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை கீழக்குயில்குடிக்குப் போய்ச் சமணர் மலையைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே திருச்சி திரும்பிவிடுவது என்பதுதான் என் திட்டம். ஒரு நாள் பயணம் மூன்று நாளாக நீண்டதற்குக் காரணம், அந்த வாரம் புதன்கிழமை மதியம் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர் சுற்றுவது எனக்குப் பொழுதுபோக்கு. சோறு போடுவது சர்வர் பராமரிப்பு. சிறு கடைகளின் இணையதளங்களை ஓட வைக்கும் மென்பொருளில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும். அவற்றின் வழியாக வெளியாள் உள்ளே நுழைந்துவிடலாம். அதை அடைக்க ஒரு திருத்தம் வரும்; அதற்குப் பேட்ச் என்று பெயர். அதைப் போட்டுக் கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்தபடியே முடிந்துவிடும்.

அழைத்தவர் பெயர் துவாரகநாத். மதுரையில் மொத்தச் சேலை வியாபாரம். வெளியூர்க் கடைக்காரர்கள் அவருடைய இணையதளத்தில்தான் ஆர்டர் போடுகிறார்கள். பத்து நாளாக, ஆர்டர் பொத்தானை அழுத்தினால் ஏதோ சூதாட்டப் பக்கம் திறக்கிறதாம். கடை மாடியில் இருக்கும் சர்வரின் கேபிளையே அவர் பிடுங்கிவிட்டார்.

“நீங்க நேர்ல வந்தாத்தான் திரும்பச் சொருகுவேன் மேடம்” என்றார். “யாரு செஞ்சதுன்னு எங்களுக்குத் தெரியும். எங்ககிட்ட வேலை பாத்த பொண்ணு. நீங்க பாத்துட்டு, ஆமான்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்தாப் போதும். சனிக்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன்.”

முடிவைச் சொல்லிவிட்டுப் பரிசோதனைக்குக் கூப்பிடுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ஆனாலும் கிளம்பினேன். சனிக்கிழமை மலை ஏறுவதற்கு ஊரிலேயே இருந்த மாதிரியும் ஆயிற்று.

வியாழக்கிழமை காலை 5.50க்குத் திருச்சி பஞ்சப்பூரில் பேருந்து ஏறினேன். கட்டணம் 145 ரூபாய், தூரம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். துவரங்குறிச்சி, மேலூர் வழியாக 8.45க்கு மாட்டுத்தாவணி. அங்கிருந்து தெற்குமாசி வீதிக்கு ஆட்டோக்காரர் 250 ரூபாய் கேட்டார், 180க்கு ஒத்துக்கொண்டார். விளக்குத்தூண் தாண்டியதும் வண்டி நின்றது.

“எந்தச் சந்துன்னு தெரியாம எப்படிக்கா வந்தீக? போனப் போட்டுக் கேளுங்க” என்றார்.

போட்டுக் கேட்டேன். கடைக்காரரே வந்து அழைத்துப் போகிறேன் என்றார். அவர் வரும்வரை ஆட்டோக்காரர் போகவில்லை. நான் யார், என்ன வியாபாரம், பைக்குள் என்ன என்று மூன்று கேள்வி கேட்டார். மதுரையில் வழி கேட்டால் வழியோடு இதுவும் சேர்ந்து வரும். நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கடை மூன்று மாடி. துவாரகநாத்துக்கு அறுபதை ஒட்டிய வயது இருக்கும். நெற்றியில் கோபிசந்தனக் கோடு, கையில் எப்போதும் இரண்டு போன். அவருடைய அக்கா ருக்மணி கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இருவரும் தங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அதில் என் பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. குரல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பேச்சு என்னைப் பற்றியதுதான், அதுவும் நல்லதாக இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

சர்வர் முதல் மாடியில், மேலே ஏறும் படிக்கு அடியில், சேலைக் கட்டுகளுக்கு நடுவே இருந்தது. முதலில் அதன் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் நகல் எடுத்தேன். இரண்டே முக்கால் மணி நேரம் ஆயிற்று. நகலில்தான் தேடினேன். ஒன்றரை வருடமாக யாரும் மென்பொருளைப் புதுப்பிக்கவில்லை என்று துவாரகநாத் சொல்லியிருந்ததால், பழைய பதிப்பு, தெரிந்த ஓட்டை, அரை மணி வேலை என்று நினைத்திருந்தேன்.

பதிப்பு புதியதாக இருந்தது. ஓட்டை அடைக்கப்பட்டிருந்தது. பேட்ச் போட்ட நாள் ஜனவரி மாதம் மூன்றாம் ஞாயிறு, மதியம் 2.12.

“ஞாயித்துக்கெழம கடை லீவு” என்றார் துவாரகநாத். “பாண்டிச்செல்வி வேலையை விட்டது அதுக்கு மொத நாள் சனிக்கெழம. இப்பப் புரியுதா?”

பாண்டிச்செல்வி என்பதுதான் அந்தப் பெண்ணின் பெயர். இரண்டு வருடம் இந்தச் சர்வரைப் பார்த்துக்கொண்டவள். சம்பளத் தகராறெல்லாம் இல்லை, ஏதோ வாக்குவாதம், கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றார். அவள் பெயரில் இருந்த கணக்கை யாரும் நீக்கவில்லை. பேட்ச் போட்டவர், கடைக்கென்று மாற்றி வைத்திருந்த அமைப்புகள் ஒன்றுகூடக் கெடாமல் போட்டிருந்தார். இடம் தெரியாத ஆளால் அப்படிச் செய்ய முடியாது. போதாததற்கு, யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவுகளில் ஜனவரியும் பிப்ரவரியும் சுத்தமாக அழிக்கப்பட்டிருந்தன.

எனக்கும் அவள்மேல்தான் சந்தேகம் வந்தது. வேலையை விட்ட மறுநாள் திரும்ப வந்து, தனக்கு மட்டும் ஒரு வழி வைத்துக்கொண்டு மற்ற வழியை அடைத்திருக்கலாம். மாலை நாலரை மணிக்கு அறிக்கையின் முதல் பக்கத்தைத் தட்டச்சு செய்தேன். அதில் அவளைப் பற்றியும் ஒரு வாக்கியம் எழுதினேன். கையெழுத்து மட்டும் போடவில்லை. அழிந்த பதிவுகளைப் பற்றி ஒரு நாள் யோசிக்க வேண்டும் என்றேன். துவாரகநாத்துக்குப் பிடிக்கவில்லை.

படியிறங்கும்போது ருக்மணி பின்னாலேயே வந்தார். என் கையில் ஒரு பில் தாளைத் திணித்தார். பின்பக்கம் திருவாதவூர் என்றும், ஒரு தெருப் பெயரும், மாயழகு என்றும் எழுதியிருந்தது.

“காலையிலேருந்து நாங்க சண்டை போட்டது ஒங்களப் பத்தின்னு நெனச்சிருப்பீக. அவளப் பத்தி. அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்த கேக்காம ஸ்டேஷனுக்குப் போகக் கூடாதுன்னு சொன்னேன். தம்பி கேக்க மாட்டேங்குறான். மாயழகு அவ அப்பா.”

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜ். ஒரு நாளைக்கு 950 ரூபாய், வெந்நீர் உண்டு, ஜன்னல் இல்லை. படுத்துக்கொண்டு யோசித்தேன். இந்த அம்மாள் ஏன் அவளுக்காகப் பேசுகிறார் என்பதும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. தொழில் அப்படி. ஒரு சர்வரைத் திறந்துவிட்டால், அதைச் சுற்றி இருக்கும் எல்லோரையும் அப்படித்தான் பார்க்கத் தோன்றும்.

வெள்ளிக்கிழமை 8.20க்கு மாட்டுத்தாவணியில் திருவாதவூர் பேருந்து. நகரப் பேருந்து என்பதால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒத்தக்கடையில் திரும்பி, யானைமலை பின்னால் நகர நகர, அறுத்த வயல்களுக்கு நடுவே போகிறது. இருபத்தைந்து கிலோமீட்டருக்கு 55 நிமிடம். இறங்கியதும் டீக்கடையில் வழி கேட்டேன்.

“மாயழகு வீடா? நீங்க யாரு, பேங்க்கா?” என்றார் கடைக்காரர். இல்லை என்றேன். அவர் வழியைச் சொல்லிவிட்டு, நான் பத்தடி நடப்பதற்குள் போனை எடுத்துவிட்டார்.

தெருமுனையிலேயே ஒருவர் நின்றிருந்தார். ஒல்லியான, உயரமான மனிதர், தோளில் துண்டு. “நான்தான் மாயழகு. பாப்பாவ என்னத்துக்குப் பாக்கணும்?” என்றார். சேலைக் கடையிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் இறுகியது. “அந்தப் பிள்ளை திங்கக்கெழம சென்னையில வேலைக்குச் சேருது. இந்நேரத்துல எம்புட்டுப் பேரு வந்து என்னத்தக் கேக்கப் போறீக?”

அவர் ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர் என்பதும், இப்போது எண்பது சென்ட் சொந்தமாக வைத்திருப்பதும், வீடு வரும்வரை நடந்த பேச்சில் தெரிந்தது. அவர் பெருமைக்காகச் சொல்லவில்லை. மகளை யார் வந்து என்ன சொன்னாலும் பயந்துவிட மாட்டோம் என்று எனக்குத் தெரிவிப்பதற்காகச் சொன்னார்.

பாண்டிச்செல்விக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். நாற்காலி போட்டாள். எதிரில் உட்கார்ந்து தன் போனை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

“ரெக்கார்ட் பண்ணப் போறேன். சம்மதமா?”

“சம்மதம்.”

“கடையில நான்தான் செஞ்சேன்னு சொல்றாங்களா?”

“சந்தேகப்படுறாங்க.”

“நீங்க?”

நான் மடிக்கணினிப் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள். “என்னப் பத்தி என்ன எழுதியிருக்கீங்கன்னு காட்டுங்க. அதுக்கப்புறம் பேசுவோம்” என்றாள்.

மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். காட்டியிருக்க வேண்டியதில்லை. ஆனால் காட்டாமல் அவளிடம் எதுவும் கேட்க எனக்கு முகமில்லை. அவள் சத்தமாகப் படித்தாள். “திருத்தம் போடப்பட்ட நாளையும் முறையையும் பார்க்கும்போது, முன்பு பணியாற்றிய ஊழியரைச் சந்தேகிக்க இடமுள்ளது.”

மாயழகு வாசலிலிருந்து எழுந்து உள்ளே வந்து நின்றார்.

“சென்னைக் கம்பெனியில, சேந்த பெறகு பழைய எடத்துல விசாரிப்பாங்க” என்றாள் அவள். குரல் உயரவில்லை. “அப்ப இந்த ஒரு வரி போதும் மேடம். நீங்க எழுதுறதுக்கு எம்புட்டு நேரமாச்சு?”

பத்து நிமிடம் என்று உண்மையைச் சொன்னேன்.

அவள் தன் போனில் பழைய செய்திகளைக் காட்டினாள். டிசம்பரில் துவாரகநாத்துக்கு எழுதியது: சர்வரில் ஓட்டை இருக்கிறது, பேட்ச் போட இரண்டு மணி நேரம் தளத்தை நிறுத்த வேண்டும். பதில்: பொங்கல் வியாபாரம் முடியட்டும். பொங்கல் முடிந்து மறுபடி எழுதியது. பதில்: கல்யாண ஆர்டர் வருகிறது, ஒரு நிமிடம்கூட நிறுத்த முடியாது. அதில்தான் வாக்குவாதம் வந்து வேலையை விட்டிருக்கிறாள். “நாளைக்கு எதாச்சும் ஆச்சுன்னா என்னத்தான் கேப்பாங்கன்னு தெரியும். அதான் கெளம்பிட்டேன். கெளம்பியும் என்னத்தான் கேக்குறாங்க.”

இது அவள் எச்சரித்தாள் என்பதற்குச் சாட்சி. அவள் செய்யவில்லை என்பதற்குச் சாட்சி இல்லை. அதையும் அவளிடம் சொன்னேன். அழிந்த பதிவுகள் இருந்தால் மட்டுமே யார் வந்தது என்று தெரியும் என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். “வேணாம் பாப்பா” என்றார் அவர். என்ன வேண்டாம் என்று எனக்குப் புரியவில்லை. அவள் போனில் ரெக்கார்டிங்கை நிறுத்தினாள். ஏதோ யோசித்துவிட்டுத் திரும்பவும் தொடங்கினாள்.

“பதிவு இருக்கு. கீழ குடோன்ல லேபிள் அடிக்கிற பழைய கம்ப்யூட்டர் இருக்குல்ல, அது தெனம் சாயங்காலம் ஏழு மணிக்குச் சர்வர்லேருந்து அன்னைக்குள்ள பதிவ இழுத்து வச்சுக்கும். நான் எழுதி வச்சது. யார்கிட்டயும் கேக்காமச் செஞ்சேன். அத இப்பச் சொன்னா, திருட்டுத்தனமா வேற என்னென்ன வச்சிருக்கான்னு கேப்பாங்க. அதான் அப்பா வேணாங்குறாரு.”

“அதுல ஒங்களுக்கு எதிராவும் எதாவது இருக்கலாம்” என்றேன்.

“இருந்தா இருக்கட்டும். போய்ப் பாருங்க.”

பகல் 11.40 பேருந்தைப் பிடித்து, கடைக்குப் போய்ச் சேர ஒரு மணி ஆகிவிட்டது. எங்கே போயிருந்தேன் என்பதைத் துவாரகநாத்திடம் நானே சொன்னேன். அவர் மாடிப்படிக்குக் குறுக்கே வந்து நின்றார்.

“அவ வீட்டுல போய் ஒக்காந்து பேசிட்டு வந்து, எங்க மெஷினத் தொடப் போறீங்களா?”

கேட்டது நியாயம்தான். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். நான் எதையும் தொட மாட்டேன் என்றேன். கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்கிறேன், நீங்களே திறந்து பாருங்கள் என்றேன். ருக்மணி ஏற்கெனவே குடோன் சாவியை எடுத்திருந்தார்.

பழைய கம்ப்யூட்டர் துணி போர்த்தி ஓடிக்கொண்டிருந்தது. ருக்மணிதான் உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் விசைகளை அழுத்தினார். துவாரகநாத் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், திரையைப் பார்க்கவில்லை. ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் இருந்தன. சர்வரில் பதிவுகளை அழித்தவனுக்கு இப்படி ஒரு நகல் இருப்பது தெரிந்திருக்கவில்லை.

தேடித் தேடி மூன்று மணி ஆயிற்று. ஜனவரி முதல் வாரம், ஒரு புதன்கிழமை காலை, வெளிநாட்டு முகவரி ஒன்றிலிருந்து வந்தவன் அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைந்திருந்தான். சேலைப் படங்கள் இருக்கும் இடத்தில், படம் போலப் பெயர் வைத்து ஒரு கோப்பை விட்டிருந்தான். அதுதான் அவனுடைய பின்வாசல். பிறகு அவ்வப்போது அந்த வழியாக வந்து போயிருக்கிறான். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் 1.50க்கு வந்து ஒரே ஒரு கோப்பைத் திறந்து படித்திருக்கிறான். 2.12க்குப் பேட்ச் போட்டிருக்கிறான். பிப்ரவரி கடைசியில் அதே பின்வாசல் வழியாக வந்துதான் சூதாட்டப் பக்கத்தைச் சொருகிவிட்டு, பதிவுகளை அழித்திருக்கிறான்.

இது நடக்கிற விஷயம்தான். உள்ளே நுழைந்தவன் தனக்குப் பின்வாசல் வைத்துக்கொண்டு, தான் வந்த ஓட்டையை அடைத்துவிடுவான். வேறு திருடன் வந்து பங்குக்கு நிற்கக் கூடாது அல்லவா. எனக்கு இது தெரியும். தெரிந்தும் முந்தின நாள் அந்த வாக்கியத்தை எழுதினேன்.

“அவன் படிச்ச பைல் என்னது?” என்று ருக்மணி கேட்டார்.

மாடியில் எடுத்த நகலில் அது இருந்தது. சனிக்கிழமை, வேலையின் கடைசி நாள், பாண்டிச்செல்வி ஆங்கிலத்தில் எழுதி, சர்வரிலேயே வைத்துவிட்டுப் போன ஒப்படைப்புக் குறிப்பு. எந்த ஓட்டை, எந்த பேட்ச், கடைக்கென்று மாற்றியிருக்கும் அமைப்புகள் எவை, அவை கெடாமல் எப்படிப் போட வேண்டும் என்று நான்கு பக்கம். இடம் தெரிந்தவர் செய்த வேலை என்று நான் நினைத்ததற்கு அந்த நான்கு பக்கம்தான் காரணம்.

“இத எனக்கு அனுப்புனாளா?” என்றார் துவாரகநாத்.

“ஒனக்கு மெயில்ல வந்துச்சு. நான்தான் சொன்னேன், படிடான்னு” என்றார் ருக்மணி.

அவர் போனை எடுத்துத் தேடினார். கடிதம் திறக்கப்படாமலே இருந்தது. அந்தக் குறிப்பை முழுதாகப் படித்த ஒரே ஆள் திருடன்தான். துவாரகநாத் குடோனிலேயே ஒரு சேலைக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

நான் பாண்டிச்செல்விக்குப் போன் செய்தேன். திருடன் உள்ளே வந்த நாளைச் சொன்னேன்.

“அப்ப நான் இருக்கும்போதே வந்துட்டானா” என்றாள். “தெனம் பதிவப் பாத்தேன்க்கா. எனக்குத் தெரியாமப் போச்சே.”

அன்று மாலையும் சனிக்கிழமை காலையும் சர்வரை முழுதாக அழித்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். திருடன் போட்ட பேட்சை நம்பி அதன்மேல் கடை நடத்த முடியாது. கடவுச்சொற்கள் அத்தனையும் மாற்றினோம். பழைய பக்கத்தை நீக்கி அறிக்கையைப் புதிதாக எழுதி, கையெழுத்துக்கு முன் பாண்டிச்செல்விக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தாள்: ஜனவரி முதல் வாரம் வெளியாள் நுழைந்ததை அப்போது பணியில் இருந்த ஊழியர் கவனிக்கவில்லை.

துவாரகநாத் அந்த வரியில் விரலை வைத்து, “இத அவளே சேக்கச் சொன்னாளா?” என்றார். ஆமாம் என்றேன். காலையில் தயாராக வைத்திருந்த புகாரை எடுத்தார். பெயர் இருந்த இடத்தை அடித்து, அடையாளம் தெரியாத நபர் என்று தன் கையாலேயே எழுதினார். அவளுக்குப் போன் செய்யுங்கள் என்று நானும் சொல்லவில்லை, அவரும் செய்யவில்லை.

பதினொரு மணிக்கு அவர் ஸ்டேஷனுக்குப் போனார். நான் பெரியார் நிலையத்தில் 11.30க்குக் கீழக்குயில்குடி பேருந்து ஏறினேன். 45 நிமிடம். உச்சி வெயிலில் போகாதீர்கள். பாறை கால் வைக்க முடியாமல் கொதிக்கிறது. நான் பாதிப் படி ஏறி, தண்ணீர் தீர்ந்து, ஆலமரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். சமணப் படுக்கைகளைப் பார்க்க வேண்டுமென்றால் காலை ஏழுக்கே அடிவாரத்தில் இருங்கள், இரண்டு லிட்டர் தண்ணீரோடு. மாலை 4.10க்கு மாட்டுத்தாவணியில் திருச்சி வண்டி கிடைத்தது.

என்னைப் போல வேலைப் பையோடு ஊர் ஊராகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. யாரோ ஏற்கெனவே பேட்ச் போட்டிருந்தால் நிம்மதியடையாதீர்கள். யார் போட்டது என்று தெரியும்வரை அது ஓட்டைதான். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்றே மூடச் சொல்லுங்கள். அது அவருக்கும் பாதுகாப்பு. பதிவுகளின் நகல் இன்னொரு இயந்திரத்தில் இருக்கட்டும், கடைக்காரருக்குத் தெரிந்தே இருக்கட்டும். ஒருவர்மேல் சந்தேகம் என்று எழுதுவதற்கு முன், பேருந்து போகும் தூரத்தில் அவர் இருந்தால், போய்ப் பார்த்துவிடுங்கள். எனக்கு அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. ருக்மணி அந்தத் தாளைத் தந்திருக்காவிட்டால் நான் போயிருப்பேனா என்று கேட்டால், தெரியாது. போயிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் துவாரகநாத் போன் செய்தார். சர்வரில் ஏதோ என்று பயந்து எடுத்தேன். தளம் நன்றாக ஓடுகிறது என்றார்.

“சென்னைக் கம்பெனியிலேருந்து விசாரிச்சாங்க மேடம். அந்தப் பொண்ணு எப்படின்னு கேட்டாங்க. நல்ல பொண்ணுன்னேன். பெறகு ஏன் வேலையை விட்டுச்சுன்னு கேட்டாங்க.”

“என்ன சொன்னீங்க?”

“அது சொல்லுச்சு, நான் கேக்கல, அதான் போயிருச்சுன்னு சொல்லிட்டேன்.”